கீழாநெல்லிப் பொட்டலத்தில் அந்த 92 விழுக்காட்டை அச்சடிக்கும் முன்: நம் ஊர் மகளிர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவி அக்காவுக்கும், செயலவையினருக்கும், கீழாநெல்லி பறித்து உலர்த்திப் பொட்டலம் போடும் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளிச் சந்தைக்கு முன்னால் புதிய பொட்டலம் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதன் மாதிரிப் படம் சுங்கை சிப்புட் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. கோலாகங்சாரில் இருக்கும் என் நாத்தனார் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க ஊரு சரக்குதானே அண்ணி?" என்று கேட்டாள். பச்சை எழுத்தில் "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது". அதற்குக் கீழே "92% ஆன்டிஆக்சிடன்ட், பாலிஃபீனால் நிறைந்தது". அப்புறம் பெரிய எழுத்தில் "கல்லீரலைக் காக்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தும், புற்றுநோயைத் தடுக்கும்". நேரில் வந்து பேசியிருக்கலாம். ஆனால் படம் ஊர் தாண்டிப் போய்விட்டது. அதைப் படித்தவர்கள் கண்ணில் இதுவும் படவேண்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். செம்பனை ஆலை ஆய்வகத்தில் எண்ணெய் மாதிரி பார்க்கத் தொடங்கியவள். பிறகு ஈப்போவில் ஒரு தனியார் ஆய்வகத்தில் உணவு, மூலிகை மாதிரிகளோடு பல வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றேன். உங்கள் பொடியை வாங்கிக் குடிக்கிறவளும்கூட. நிழலில் உலர்த்துகிறீர்கள், வேரில் மண் ஒட்டாமல் கழுவுகிறீர்கள், பூஞ்சை பிடித்ததை மனசு கேட்காமல் சேர்த்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறேன். குறை சொல்லக் கிளம்பியவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சொல்ல வருவது ஒன்றுதான். தலைவி அக்கா என்னிடம் நகல் கொடுத்த அந்த ஆய்வறிக்கை பொய் இல்லை. ஆனால் உங்கள் பொடியை வாங்குகிறவர் குடிக்கும் குவளையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதில் இருக்கும் எண்ணைப் பொட்டலத்தில் போடாதீர்கள். சோதனைக்கென்று ஒதுக்கிய பணத்தில் மீதி இருப்பதை வேறு சோதனைகளுக்குச் செலவழியுங்கள்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாதிரி என்ற இடத்தில் சின்ன எழுத்தில் "மெத்தனால் சாரம்" என்று இருக்கும். நீங்கள் கொடுத்த பொடியை மெத்தனாலில் ஊறவைத்துக் குலுக்கி, வடிகட்டி, சுழலும் குடுவையில் காற்றழுத்தத்தைக் குறைத்து, இளஞ்சூட்டில் மெத்தனாலை ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். குடுவையின் அடியில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்டியால் சுரண்டினால்தான் வரும். அறிக்கையில் உள்ள எண்கள் எல்லாம் அந்தப் பிசினுடைய எண்கள். மெத்தனால் என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2018-இல் சிலாங்கூரில் போலி மதுவில் கலந்து அத்தனை பேர் உயிரைக் கொண்டுபோனது அதேதான்.

ஆய்வகம் செய்தது தப்பில்லை. பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்பான தாவரப் பொருள்களை இலையிலிருந்து நன்றாக இழுத்துக்கொண்டு வரும் என்பதால் உலகம் முழுக்க இந்த வேலைக்கு மெத்தனாலைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் செய்வது என்ன? ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கொதிநீரில் போட்டு, பத்து நிமிடம் மூடிவைத்து, வடிகட்டிக் குடிக்கிறார். தண்ணீரில் இறங்குவது வேறு, மெத்தனாலில் இறங்குவது வேறு. இலைப்பச்சையம் தண்ணீருக்கு வராது. சர்க்கரையும் உப்புகளும் தாராளமாக வரும்.

அதே பக்கத்தில் இன்னொரு வில்லங்கம். பாலிஃபீனால் "ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" என்று எழுதியிருக்கிறது. எதில் ஒரு கிராம்? இலையிலா, அந்தப் பிசினிலா? பேச்சுக்கு ஒரு கணக்கு போடுவோம். 100 கிராம் காய்ந்த இலையிலிருந்து 12 கிராம் சாரம் வருகிறது என்று வையுங்கள். ஒரு கிராம் சாரத்தில் 200 மில்லிகிராம் என்று அறிக்கை சொன்னால், ஒரு கிராம் இலையில் அது 24 மில்லிகிராம்தான். பொட்டலத்துக்குள் இருப்பது இலை. அச்சகத்துக்குப் போகப்போவது சாரத்தின் எண்.

சரி, அந்த மில்லிகிராம் எப்படி வந்தது? ஃபோலின்-சியோகால்ட்டு என்று ஒரு வினைப்பொருள், இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். 1927-இல் ஃபோலின், சியோகால்ட்டு என்ற இருவர் புரதங்களில் உள்ள டைரோசின், டிரிப்டோஃபான் ஆகிய அமினோ அமிலங்களை அளக்க உருவாக்கியது. 1965-இல் சிங்கிள்டன், ரோசி என்ற இருவர் அதை வைனில் உள்ள ஃபீனால்களை அளக்கப் பழக்கினார்கள். சாரத்தில் அதைச் சேர்த்து, சோடியம் கார்பனேட்டையும் ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் நீலம் ஏறும். எவ்வளவு நீலம் என்பதை, ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் 765 நானோமீட்டரில் படிக்கிறோம். ஆலையில் வேலை செய்த பிள்ளைகளுக்கு இந்தக் கருவி புதிதில்லை. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயின் தரம் காட்டும் டோபி எண்ணுக்கு 446-லும் 269-லும் படிப்போமே, அதே கருவிதான்.

நீலம் வந்துவிட்டால் பாலிஃபீனால் என்று நினைத்துவிடக் கூடாது. எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய எதைக் கண்டாலும் அந்த வினைப்பொருள் நீலமாகும். வைட்டமின் சி இருந்தாலும் ஆகும், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மாதிரிச் சர்க்கரைகள் நிறைய இருந்தாலும் ஆகும், புரதம் இருந்தாலும் ஆகும். போன வருடம் நீங்கள் நாட்டுச்சர்க்கரை கலந்து ஒரு "உடனடி" பொட்டலம் விற்றீர்களே, அதை இந்தச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் சர்க்கரையும் தன் பங்குக்கு எண்ணை ஏற்றிவிட்டிருக்கும். அதனால்தான் விடையைக் கல்லிக் அமிலம் என்ற எளிய ஃபீனாலுக்கு இணையாக இவ்வளவு என்று எழுதுகிறார்கள். சாரத்தில் அவ்வளவு கல்லிக் அமிலம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை; அவ்வளவு கல்லிக் அமிலம் தரும் நீலத்தை இந்தக் கலவையும் தந்தது, அவ்வளவுதான்.

இனி அந்த 92-க்கு வருவோம். டிபிபிஎச் என்ற பொருளை மெத்தனாலில் கரைத்தால் நாவல்பழ நிறத்தில் கரைசல் கிடைக்கும். ஆன்டிஆக்சிடன்ட் குணம், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம், உள்ளது எதையாவது சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் எவ்வளவு மங்கியது என்று பார்த்து விழுக்காடு போடுகிறோம். பார்க்க அழகான சோதனை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் கைதட்டுவார்கள். ஆனால் எந்த அடர்த்தியில் சாரத்தைச் சேர்த்தால் 92 வந்தது என்று சொல்லாமல் 92 என்று மட்டும் சொன்னால், எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண்ணுக்குத் தேர்வு என்று சொல்லாமல் பையன் 92 வாங்கினான் என்று பீற்றிக்கொள்வது போல ஆகிவிடும். சாரத்தைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே போனால் எந்த இலையும் ஒரு கட்டத்தில் தொண்ணூறைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். தேயிலைக்கும் வரும், கொய்யா இலைக்கும் வரும்.

அதனால் பாதி ஊதாவை மங்கச் செய்ய எவ்வளவு சாரம் வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு ஐசி ஐம்பது என்று பெயர். இந்த எண் குறைவாக இருந்தால்தான் சாரம் வீரியமானது. உங்கள் அறிக்கையில் அதுவும் இருக்கிறது, நான்காம் பக்கத்தில். பொட்டலத்துக்கு எடுக்கும்போது பெரிய எண்ணைப் பார்த்து விழுக்காட்டை எடுத்துவிட்டீர்கள். போகட்டும். ஒப்பிடுவதற்கென்று வைட்டமின் சி-யையோ டிரோலாக்ஸ் என்ற ஆன்டிஆக்சிடன்டையோ அதே நாளில் பக்கத்தில் வைத்து அளந்தார்களா, சாரத்தின் சொந்தப் பச்சை நிறத்தைக் கழித்தார்களா என்பதற்கும் அறிக்கையில் பதில் இல்லை. அந்தப் பச்சையைக் கழிக்காவிட்டால் எண் தடுமாறும். அடுத்த முறை இரண்டையும் கேளுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு அடிப்படைச் சிக்கல் தீராது. டிபிபிஎச் நம் உடம்பில் எங்கேயும் இல்லை. குடுவையில் ஊதாவை மஞ்சளாக்கிய பொருள் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகுமா, போனால் எந்த உருவில் போகும் என்பது வேறு கேள்வி. அமெரிக்க விவசாயத் துறை ஒரு காலத்தில் உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை, ஓராக் என்ற அளவில், பெரிய பட்டியலாக வெளியிட்டு வைத்திருந்தது. உணவு நிறுவனங்கள் அதைத் தூக்கி விளம்பரத்தில் போட்டன. 2012-இல் துறையே அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. இந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று காரணமும் சொன்னது. அவர்கள் கைவிட்டதை நாம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கூவி விற்கவேண்டுமா?

அடுத்த கட்டமாகப் "பெரிய மெஷின்" சோதனைக்குப் போவதாகக் கூட்டத்தில் பேச்சு வந்தது என்று கேள்விப்பட்டேன். எச்பிஎல்சி-யைச் சொல்கிறீர்கள். அது உண்மையிலேயே பயனுள்ள சோதனை, கேட்கவேண்டியதைக் கேட்டு வாங்கினால். சாரத்தை ஒரு மெல்லிய எஃகுக் குழாய் வழியாக அழுத்தித் தள்ளுவார்கள். உள்ளே இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வந்து, தாளில் ஒவ்வொரு முகடாக விழும். கீழாநெல்லியில் எதிர்பார்க்கவேண்டியவை கல்லிக் அமிலம், கோரிலாஜின், ஜெரானின், எல்லாஜிக் அமிலம், ரூட்டின் போன்றவை. முகடு விழுந்த நேரத்தை மட்டும் பார்த்து "இது இன்னது" என்று பெயர் எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூய பொருளை வாங்கி, அதே நாளில் அதே குழாயில் ஓட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மூலக்கூறின் நிறைகாட்டும் கருவியோடு சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. அங்கேயும் ஒரு பொறி உண்டு. எதிர்மின் முறையில் எல்லாஜிக் அமிலம் 301 என்று காட்டும். குவர்செட்டின் என்ற வேறொரு பாலிஃபீனாலும் 301 என்றே காட்டும். தசமத்துக்குப் பின்னால்தான் வித்தியாசம்: ஒன்று 300.999, மற்றது 301.035. சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் புற ஊதாவை உறிஞ்சும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. மூலக்கூறை உடைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். 179, 151 என்று துண்டுகள் விழுந்தால் குவர்செட்டின். இதைப் பார்க்காமல் கீழாநெல்லியில் குவர்செட்டின் கொட்டிக்கிடக்கிறது என்று எழுதித்தந்த அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. குவர்செட்டின் பெயர் பிரபலம், அதைப் போட்டால் விற்கும் என்பதாலோ என்னவோ.

இதைவிட முக்கியமான ஒன்று ஜெரானின். கீழாநெல்லியின் பெரிய பாலிஃபீனால் அதுதான், மூலக்கூறு எடை 952. ஆனால் அது கொதிநீரில் அப்படியே நிற்காது. கோரிலாஜினாகவும் கல்லிக் அமிலமாகவும் எல்லாஜிக் அமிலமாகவும் உடையும். ஆக, மெத்தனால் சாரத்தில் ஜெரானின் இவ்வளவு என்று அச்சடித்துவிட்டு, வாங்குகிறவரைப் பத்து நிமிடம் கொதிக்கவைக்கச் சொன்னால், அவர் குடிப்பது வேறொரு கலவை. உடைந்தால் கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. குடலுக்குள் போனதும் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் இவற்றை மேலும் உடைத்து யூரோலித்தின் என்ற சிறு பொருள்களாக மாற்றுகின்றன. உடம்பு உள்ளே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அவற்றைத்தான். அதுவும் எல்லோர் வயிற்றிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சிலருக்கு நடப்பதே இல்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: அதே ஜெரானின் ரம்புத்தான் தோலில் ஏராளமாக இருக்கிறது. மலேசியாவில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழிவுத் தோலிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பாலிஃபீனால் எண்தான் மருந்துக்கு அளவுகோல் என்றால், பருவத்தில் நம் தாமான் குடியிருப்புக் குப்பைத்தொட்டியெல்லாம் மருந்துக்கடைதான்.

இனி கல்லீரலுக்கு வருகிறேன். நம் பாட்டிமார் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்ததை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். கல்லீரல் பேச்சு வரும்போது ஆய்வாளர்கள் அடிக்கடி குறிப்பிடும் பொருள் ஃபில்லாந்தின். அது லிக்னன் என்ற தாவரப் பொருள் வகை. அதன் வளையங்களில் உள்ள ஃபீனால் முனைகள் எல்லாம் மீத்தைல் குழுவால் மூடப்பட்டிருக்கின்றன. மூடியிருப்பதால் நீலச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீரிலும் சரியாகக் கரையாது. ஆக, கல்லீரலுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு அதற்கு ஆதாரமாகப் பாலிஃபீனால் எண்ணைக் காட்டுவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டை ஒட்டவைப்பது.

கீழாநெல்லிக்கும் கல்லீரலுக்கும் நடந்த பெரிய சோதனையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், அது நம் ஆட்களின் கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாருக் புளும்பெர்க்கும் சேர்ந்து செய்தார்கள். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள்; 22 பேரிடம் கிருமியின் மேற்பரப்புக் குறி மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வு, வெற்று மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேல் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடித்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று பேசியவர்கள், இனம் வேறாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம், பறித்த காலம் வேறாக இருக்கலாம் என்றெல்லாம் சொன்னார்கள்.

இந்த இனம் என்ற விஷயம் நம் வேலையில் நேராக வந்து நிற்கிறது. தோட்டத்து ஓரத்தில் கீழாநெல்லி என்று நாம் பிடுங்குவது ஒரே செடி இல்லை. மலாய்க்காரர்களும் எல்லாவற்றையும் டுக்குங் அனாக் என்றுதான் சொல்கிறார்கள். பச்சைத் தண்டோடு, வழவழப்பான காய், சின்னக் காம்பில் இலைக்கடியில் தொங்கினால் அது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பே இல்லாதது போல ஒட்டிக்கொண்டிருந்தால் சிவப்புக் கீழாநெல்லி, ஃபில்லாந்தஸ் யூரினாரியா. ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் என்று இன்னொன்றும் நம் பக்கம் முளைக்கிறது. போன மாதம் நான் வாங்கிய பொட்டலத்தைத் தாளில் கொட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வழவழப்பான காயும் இருந்தது, சொரசொரப்பான காயும் இருந்தது. நீலச் சோதனை இரண்டுக்கும் தாராளமாக எண் கொடுக்கும். ஃபில்லாந்தின் அமாரஸில்தான் அதிகம். யூரினாரியாவில் அதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் முதல் செலவு இதற்குத்தான் ஆகவேண்டும். வேரோடும் காயோடும் செடியைப் பிடுங்கி, நாளிதழுக்குள் வைத்து அழுத்தி, கெப்போங்கில் இருக்கும் வன ஆய்வுக் கழகத்துக்கோ ஏதாவது பல்கலைக்கழகச் செடிக் காப்பகத்துக்கோ அனுப்பி, இது இன்ன இனம் என்று எழுத்தில் வாங்குங்கள். பறிக்கிற பெண்களுக்கு அந்த அழுத்திய செடியையே காட்டிப் பழக்கலாம். பொடியாக்கிய பிறகு யாராலும் கண்ணால் சொல்ல முடியாது.

இரண்டாவது, எங்கிருந்து பறிக்கிறோம் என்பது. செம்பனை வரிசைகளுக்கு நடுவில் செடி செழிப்பாக வளர்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அங்கேதான் களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002-இல் நிறுத்தினார்கள், 2006-இல் திரும்ப விட்டார்கள், 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. ஆனால் கிளைஃபோசேட் இன்றைக்கும் போகிறது. அது இலைமேல் பட்டால் செடிக்குள்ளேயே இறங்கும், கழுவினால் போகாது. மருந்து அடித்து முதுகு வெந்த அக்காமார் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். எந்தக் காட்டில் எப்போது அடித்தார்கள் என்று அவர்களைக் கேட்டால் தெரிந்துவிடப்போகிறது. சாலையோரமும் வேண்டாம். வெள்ளீயச் சுரங்கம் இருந்த பழைய நிலமும் வேண்டாம்; கிந்தா பக்கத்து மண்ணில் ஆர்செனிக் எங்கே எவ்வளவு கிடக்கும் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கோயில் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் நாமே விதைத்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

அதன் பிறகு ஆய்வகத்தில் கேட்கவேண்டியவை: ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம், களைக்கொல்லி எச்சம், பாக்டீரியா, பூஞ்சை எண்ணிக்கை. பாரம்பரிய மருந்துகளுக்கு நம் நாட்டில் கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்று வரம்பு இருக்கிறது. இந்த அறிக்கையில் நல்ல எண் வந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், நானே வந்து ஆணி அடிக்கிறேன். பாலிஃபீனாலையும் அளக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நல்ல பயன் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் கொதிநீர்க் கசாயத்தையே எடுத்து, அதே முறையில் அளந்து, போன தொகுப்பும் இந்தத் தொகுப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மழையில் நனைந்து அழுகியதோ, இலையைவிடத் தண்டு கூடுதலாகச் சேர்ந்ததோ, எண் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அது நம் கோப்பில் இருக்கவேண்டிய எண்.

பொட்டலத்தில் இருக்கும் மற்ற வரிகளைப் பற்றிச் சுருக்கமாக. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகம், ரத்தக்கொதிப்பு போன்ற நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. நோய் தீர்க்கும் என்று சொன்ன நிமிடமே அது மருந்தாகிவிடும். அப்போது தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் பதிவு வேண்டும், 'MAL' என்று தொடங்கி 'T' எழுத்தில் முடியும் எண் வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை. நம் பொடி எந்த வகையில் சேரும் என்று முகமைக்கே எழுதிக் கேட்டுவிடலாம். யாராவது புகார் கொடுத்து அதிகாரி வந்து நின்ற பிறகு கேட்பதைவிட நல்லது.

சட்டத்தைவிட எனக்குப் பயம் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, காமாலை. நம் தோட்டங்களில் எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் உண்டு; முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் நிற்கும். அதற்கு நேரத்தோடு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவேண்டும். பழம் அறுக்கிற ஒரு பையன் காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக வீட்டில் படுத்துக்கொண்டு, "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்ற பொட்டலத்தை நம்பி மூன்று நாள் தள்ளிவிட்டால் யார் பொறுப்பு? காமாலைக்கு ஹெபடைடிஸ் பி-யும் காரணமாகலாம்; 1989-இலிருந்து நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் கிளினிக்கில் ஒரு ரத்தச் சோதனை செய்துகொள்ளட்டும்.

இரண்டாவது, ரத்தசோகை. இந்தப் பாலிஃபீனால்களில் பெரும்பங்கு டானின் என்ற துவர்ப்புப் பொருள். டானின் சாப்பாட்டில் உள்ள இரும்பையும் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் பிடித்துக்கொண்டு, உடம்புக்குள் போகவிடாமல் செய்யும். நம்மிடம் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், கர்ப்பிணிகளும் வாங்குகிறார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். அந்த 92 இருக்கும் இடத்தில் இந்த மூன்றையும் போடுங்கள், இடம் சரியாக இருக்கும்.

"ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே, கெடுதல் என்ன?" என்று துணைத்தலைவி கேட்டதாகச் சொன்னார்கள். பாலிஃபீனால் இல்லை, ஆனால் அதுவும் பேர்போன ஆன்டிஆக்சிடன்ட்தான், பீட்டா கரோட்டின். நம் செம்பனை எண்ணெய்க்கு அந்தச் சிவப்பு நிறம் தருவதில் அதற்கும் பங்கு உண்டு. ஃபின்லாந்தில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட, புகைபிடிக்கும் ஆண்களை வைத்து அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. பச்சைத் தேயிலைச் சாரத்திலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அதில் உள்ள ஈஜிசிஜி என்ற பாலிஃபீனால் மாத்திரையாக உள்ளே போனால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. கல்லீரலைக் காக்க வாங்குகிறவருக்குக் கல்லீரலிலேயே அடி. கசாயமாக ஒரு குவளை குடிப்பதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் சாரத்தைக் கெட்டியாக்கிக் குப்பியில் அடைத்து விற்கும் திட்டமும் உங்கள் பட்டியலில் இருக்கிறது என்று கேள்வி. அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

பொட்டலத்துக்கு நான் எழுதித்தரும் வாசகம் இது: "காய்ந்த கீழாநெல்லி. சுங்கை சிப்புட்டில் பறித்து நிழலில் உலர்த்தியது. பறித்த நாள், தொகுப்பு எண். ஒரு தேக்கரண்டி, ஒரு குவளை கொதிநீர். காய்ச்சலோ மஞ்சள் கண்ணோ இருந்தால் முதலில் கிளினிக்குக்குப் போகவும்." இதோடு அந்த மூன்று எச்சரிக்கைகள். மலாயிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதித்தருகிறேன், பிழை பார்த்து. விற்பனை குறையுமா என்று கேட்டால், குறையலாம். நம் ஊரில் வாங்குகிறவர்கள் அந்த 92-ஐ நம்பி வாங்கத் தொடங்கவில்லை. பறிக்கிற கைகளைத் தெரிந்து வாங்கினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். கண்ணாடியும் பழைய நாளிதழும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் ஒவ்வொரு பறிக்கும் இடத்திலிருந்தும் காயோடு இரண்டு செடி கொண்டுவாருங்கள், எந்த இடம் என்று சீட்டு எழுதி. ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம். அச்சகத்துக்கு மட்டும் ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு போன் போட்டு நிறுத்திவிடுங்கள். அச்சுத் தட்டு போட்டுவிட்டால் பாதிக் காசை அவர்கள் திருப்பித் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பொடியின் வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.